அரசர் சபையில் ஞாயிறு ஜெபம்

கண்டி

அன்பு நண்பனுக்கு,

தலதா மாளிகையைப் பற்றி விரிவாக எழுது என்று கேட்டிருந்தாய். அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அதன் பக்கத்தில் நிற்கும் ஒரு மர மண்டபத்தைப் பற்றி எழுதப் போகிறேன். வேலூரில் பிறந்து வளர்ந்த உனக்கு இந்த மண்டபத்தோடு ஒரு சொந்தம் உண்டு. இங்கே அரியணையில் அமர்ந்திருந்தவர்தான் உங்கள் ஊர்க் கோட்டையில் கைதியாக இருந்து இறந்தார்.

மகுல் மடுவ என்கிறார்கள். கண்டி அரசர்களின் சபை மண்டபம். மாளிகை வளாகத்துக்குள் நுழைய இப்போதும் கடுமையான சோதனை உண்டு. 1998 ஜனவரி 25-ஆம் தேதி புலிகளின் வெடிகுண்டு லாரி இந்த வாசலில் வெடித்தது. அதில் செத்தவர்களை ஊர் மறக்கவில்லை. தமிழில் பேசிக்கொண்டு அந்த வரிசையில் நின்றபோது எனக்கு அது நினைவில் இருந்துகொண்டே இருந்தது. பையைத் திறந்து காட்டி, செருப்பைக் கழற்றி வைத்து, கூட்டம் போகிற வழியில் போனால் நேராகப் புத்தரின் தந்தம் இருக்கும் சன்னிதிக்குக் கொண்டுபோய்விடும். கூட்டத்தை விட்டுச் சற்று விலகினால்தான் மண்டபம் கண்ணில் படும்.

சுவர் இல்லை. வரிசை வரிசையாக மரத்தூண்கள், மேலே தட்டையான சிறிய ஓடுகள் வேய்ந்த சரிவான கூரை. ஒவ்வொரு தூணும் அடியில் சதுரம், மேலே போகப்போகப் பட்டை பிடித்து மீண்டும் சதுரமாகி, உச்சியில் தாமரை இதழ்களாக விரிந்து விட்டத்தைத் தாங்குகிறது. நம் ஊர்க் கல்மண்டபங்களில் பார்க்கிற அதே இலக்கணம். பொருள் மட்டும் மரம். நின்று கையால் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. தொடக்கூடாது என்பதால் தொடவில்லை.

1783-இல் இராஜாதி ராஜசிங்கன் இதைக் கட்டத் தொடங்கினான். மதுரை நாயக்கர் உறவில் வந்த அரச மரபு அது. அவனுக்குப் பின் 1798-இல் பட்டத்துக்கு வந்த கண்ணுசாமி, அதாவது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இதைக் கட்டி முடித்தான். கண்டியின் வாவியையும், தலதா மாளிகையின் எண்கோண மாடத்தையும் எழுப்பியவன் அவனே. அந்த மாடத்துக்கும் இந்த மண்டபத்துக்கும் தேவேந்திர மூலாச்சாரி என்னும் தச்சரின் பெயரைச் சொல்கிறார்கள். அரசனைப் பற்றி இங்கே இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள். ஊரை அழகாக்கியவன் என்பார்கள்; தன் அமைச்சர் எஹெலெபொலவின் மனைவி மக்களைக் கொன்ற கொடியவன் என்றும் அதே மூச்சில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

1815 பிப்ரவரி 18-ஆம் தேதி மெதமகநுவரப் பக்கத்தில் ஒளிந்திருந்த அவனைப் பிடித்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 2-ஆம் தேதி இந்த மண்டபத்தில் ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்றிக் முன்னிலையில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. ஒரு குண்டுகூடச் சுடாமல் நாடு கைமாறியது என்று ஆங்கிலேயர் பெருமைப்பட்டுக்கொண்ட நாள். அந்த ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, புத்த சமயம் மீறப்படாது, அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் காக்கப்படும் என்று வாக்குக் கொடுத்தது. வழிகாட்டிகள் எல்லோரும் இந்த இடத்தில் நின்று இதைச் சொல்கிறார்கள். நன்றாகவே சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு கதை சட்டென்று நம் காலத்துக்குத் தாவிவிடுகிறது. நடுவில் விட்டுப்போகும் ஆண்டுகளைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டுகளில் இது ஒரு கிறிஸ்தவ ஆலயம்.

கண்டியைப் பிடித்த படைக்குத் தொழுவதற்கு இடம் இல்லை. ஊரில் இருந்த பெரிய கட்டடங்கள் இரண்டே வகை: கோயில்கள், அரண்மனை. கோயிலைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அரண்மனையில் ஆளில்லை. அரசன் இருந்த பகுதி அதிகாரிகளுக்குப் போனது. அரசியர் குளித்த வாவிக்கரை மண்டபம், மேலே மாடி ஏற்றப்பட்டு, படையினரின் நூலகமாயிற்று. பிற்காலத்தில் அதே கட்டடத்தைப் போலீசார் எடுத்துக்கொண்டார்கள். சபை மண்டபம் ஜெபத்துக்கு வந்தது. கோயிலாகப் பிறக்காத இடம் என்பதால் இதில் தவறில்லை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

ஜெபம் மட்டும் நடந்திருந்தால்கூட ஒரு மாதிரி. இதே மண்டபம் நீதிமன்றமாகவும் இருந்தது. 1817-இல் ஊவாவில் தொடங்கிய கிளர்ச்சி மலைநாடு முழுவதையும் உலுக்கியது. அதை அடக்கிய பிறகு, 1818 நவம்பர் 21-ஆம் தேதி பிரவுன்றிக் ஒரு பிரகடனம் வெளியிட்டார். மூன்று ஆண்டுக்கு முன் கொடுத்த வாக்குகளை அது பலவிதத்தில் இளகச் செய்தது. அதில் ஒரு பிரிவு இந்த மண்டபத்தைப் பற்றியது. ஆள் முன்னால் தரையில் விழுந்து வணங்கும் பழைய வழக்கம் இனி வேண்டாம். ஆனால் சபை மண்டபத்துக்குள் வருகிற எவரும் அங்கே தொங்கும் இங்கிலாந்து மன்னரின் படத்துக்கு வணக்கம் செலுத்த வேண்டும், நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கும் அப்படியே என்பது கட்டளை. அரியணையைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அது 1934-இல்தான் திரும்பி வந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரியணை போன மண்டபத்தில் படம் வந்து தொங்கியது.

இதை யோசித்துப் பார். ஒரு கூரை. அதன் கீழ் வணங்குவதற்கு ஒரு மன்னர் படம். தண்டனை சொல்ல ஒரு மேசை. மண்டியிட்டு ஜெபிக்க ஒரு சபை. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொலவின் தலையை இதே ஊரில் வெட்டியது, அந்தப் பிரகடனம் வந்து சில நாள்களில். அந்த ஆண்டே சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் லாம்பிரிக் பாதிரியார் கண்டிக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கினார். அவர் நல்ல மனிதர், சிங்களம் கற்றுப் பின்னாளில் வேதத்தை மொழிபெயர்த்தவர். ஆனால் அந்த மண்டபத்தில் கூடிய ஜெபம் கண்டி மக்களின் காதில் எப்படி விழுந்திருக்கும்? நீதிபதியின் குரலும் போதகரின் குரலும் ஒரே இடத்திலிருந்து வந்தால், கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே அதிகாரத்தின் குரல்தான். அன்பைப் பற்றிப் பேசுகிற ஒரு சமயத்துக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் 1825 செப்டம்பரில் ஒருவர் வந்தார். அவர் பெயரை நீ தினமும் கேட்டிருப்பாய், உன் தங்கை திருச்சியில் படித்த மூன்று வருடமும். ஹீபர்! பிஷப் ஹீபர் கல்லூரியின் ஹீபர். ரெஜினால்ட் ஹீபர் அப்போது கல்கத்தாவின் பேராயர். இலங்கையும் அவர் ஆட்சிக்கு உட்பட்டது. மனைவி அமேலியாவுடன் கப்பலில் காலியில் இறங்கி, கொழும்பு வழியாக மலையேறி வந்தார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கண்டியில் ஆலயம் இல்லை. எனவே பேராயரின் பிரசங்கமும் திடப்படுத்தல் ஆராதனையும் அரசர்களின் சபை மண்டபத்தில் நடந்தன. பத்து ஆண்டுகளுக்கு முன் அரசன் முன்னால் குடிகள் விழுந்து கிடந்த தரையில், அன்று இளைஞர்கள் மண்டியிட்டார்கள். பேராயர் அவர்கள் தலைமேல் கை வைத்தார். அந்த மாற்றம் அவர் மனத்தைத் தொட்டது என்பது இலங்கைப் பயணத்தைப் பற்றி அமேலியா எழுதிவைத்த குறிப்புகளில் தெரிகிறது. ஹீபரின் பயண நூலில் இலங்கைப் பகுதி அந்த அம்மையாரின் எழுத்து.

ஹீபரைப் பற்றி இலங்கையில் ஒரு வருத்தம் உண்டு. 1819-இல், இந்தத் தீவைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, அவர் எழுதிய மிஷனரிப் பாட்டு ஒன்றில் இலங்கையின் பெயர் வருகிறது. இயற்கையைப் புகழ்ந்துவிட்டு அங்கே வாழும் மனிதரைத் தாழ்த்திச் சொல்லும் பாட்டு. உலகமெங்கும் ஆலயங்களில் பாடினார்கள். பார்க்காத ஊரின் மக்களைப் பற்றி அப்படி எழுதியது தவறு. எந்த நல்ல நோக்கமும் அதைச் சரியாக்காது. ஆனால் அவர் வந்து பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்டிக்கு வந்துபோன ஏழாவது மாதம், 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி, திருச்சியில் காலை ஆராதனை முடித்துக் குளிக்க இறங்கிய தொட்டியில் இறந்துபோனார். வயது 42. இந்த மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே 1783-இல் பிறந்தவர். திருச்சி பரிசுத்த யோவான் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

கண்டிச் சபைக்குத் தனி ஆலயம் வேண்டும் என்ற பேச்சு நனவாக மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1843-இல் கட்டத் தொடங்கி, 1846-இல் ஆராதனை ஆரம்பித்து, 1853-இல் கொழும்பின் முதல் பேராயர் ஜேம்ஸ் சாப்மன் பிரதிஷ்டை செய்தார். பரிசுத்த பவுல் ஆலயம். மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நாத தெய்வத்தின் கோயிலும் பத்தினி தெய்வத்தின் கோயிலும் பக்கத்தில் இருக்க, நடுவில் செங்கல் சிவப்பாக நிற்கிறது. பத்தினி தெய்வம் யார் தெரியுமல்லவா? நம் கண்ணகிதான். புத்தரின் தந்தம், நாதர், கண்ணகி, பவுல் என்று இவ்வளவு பேர் இவ்வளவு நெருக்கத்தில் குடியிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புனித வளாகத்தின் நடுவில் ஒரு படைவீரர் ஆலயத்தைக் கட்டியது மக்களைக் கேட்டுச் செய்த காரியமில்லை. ஆனாலும் சபை மண்டபம் அன்றைக்கு ஜெபத்திலிருந்து விடுதலை பெற்றது. ஜெபமும் மண்டபத்திலிருந்து விடுதலை பெற்றது. நீதிமன்றமும் பின்னாளில் தனக்கென்று கட்டடம் தேடிப் போய்விட்டது.

ஆலயமாக இருந்ததற்கு ஏதாவது அடையாளம் இருக்குமா என்று தூண் தூணாகத் தேடினேன். ஒரு கல்வெட்டுப் பலகை, ஒரு சிலுவைக் கீறல், எதுவும் என் கண்ணில் படவில்லை. இருந்தாலும் அழிந்திருக்க வாய்ப்புண்டு. 1875-இல் வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்தார், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர். அந்த வரவேற்புக்காக மண்டபத்தை நீட்டினார்கள். மூலத்தில் சுமார் 60 அடி நீளமும் 36 அடி அகலமும் இருந்தது. நீளத்தில் ஏறக்குறைய 30 அடி கூட்டி, புதுத் தூண்களை நிறுத்தி, ஒட்டியிருந்த கட்டடங்களை அகற்றினார்கள். ஆகவே ஹீபர் நின்ற மண்டபம் நாம் பார்ப்பதைவிடச் சிறியது. கூட்டியவர்கள் பழைய தூண்களின் வேலைப்பாட்டையே பின்பற்றினார்கள். அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

இன்று இது தொல்லியல் சின்னம். அரசின் பெரிய சடங்குகளுக்கும் பயன்படுகிறது. 2020 ஆகஸ்ட் 12-ஆம் தேதி நாட்டின் அமைச்சரவை இந்தத் தூண்களுக்கு நடுவில் பதவியேற்றது. ஆக, அரசனின் கூரை சுற்றிவந்து அரசின் கையிலேயே சேர்ந்துவிட்டது.

வேலூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1816 ஜனவரியில் அரசனையும் அவன் குடும்பத்தையும் கார்ன்வாலிஸ் கப்பலில் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து உங்கள் கோட்டைக்கு. 1832 ஜனவரி 30-ஆம் தேதி சாகும்வரை அவன் கண்டியைத் திரும்பப் பார்க்கவில்லை. தன் சபையில் ஜெபம் நடப்பதை யாராவது அவனுக்குச் சொல்லியிருப்பார்களா? அவன் அடைபட்டிருந்த கோட்டைக்குள்ளேயே இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயில்! மூர்த்தி வெளியே சத்துவாச்சாரியில் இருக்க, கருவறை வெறுமையாகக் கிடந்தது. ஆயுதக் கிடங்காகவும் அந்தக் கோயிலைப் பயன்படுத்தினார்கள். இங்கே அரசு மண்டபத்தில் தெய்வம் குடியேறியது, அங்கே தெய்வத்தின் வீட்டில் படைக்கலம். இரண்டையும் செய்தது ஒரே ஆட்சி. உங்கள் கோட்டையிலும் ஆங்கிலேயர் தங்கள் ஆலயத்தைத் தனியாகக் கட்டினார்கள், 1846-இல். இங்கே பவுல் ஆலயத்தில் ஆராதனை ஆரம்பித்த அதே ஆண்டு.

1981 மார்ச் 16-ஆம் தேதி ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பி வந்த கதையை உன் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது அவர் குரல் மாறும். வெறுமையான கருவறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த நாள் என்னவென்று தெரியும். அதனால்தான் கண்டியில் நின்று இதை எடை போடும்போது எனக்கு ஒன்று தெளிவாகப் பட்டது. வழிபாட்டிடத்தை உலகக் காரியத்துக்கு எடுப்பதும், உலகக் காரியத்துக்கான இடத்தில் வழிபாடு நடத்துவதும் தன்னளவில் குற்றமில்லை. அங்கே கூடுகிறவர்கள் சம்மதித்து மாற்றினார்களா, துப்பாக்கி வைத்திருந்தவன் மாற்றினானா என்பதைப் பார்க்க வேண்டும். கொழும்புக் கோட்டையில் டச்சு ஆளுநர் குடியிருந்த மாளிகையை 1821-இல் ஆங்கிலேயர் பரிசுத்த பேதுரு ஆலயமாக்கினார்கள். அது இன்றும் ஆலயம். அதைப் பற்றி யாருக்கும் மனக்குறை இல்லை. ஆட்சி மாளிகையை ஆண்டவனுக்குக் கொடுத்தது அங்கே யாருடைய நெஞ்சிலும் முள்ளாகத் தைக்கவில்லை. கண்டியில் தைத்தது.

அந்த முள்ளை எடுத்தது யார் என்று கேட்டால் நான் ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டுவேன். மண்டபத்திலிருந்து மேடேறிப் போனால் திரித்துவக் கல்லூரி. சி.எம்.எஸ். 1872-இல் தொடங்கியது. அதன் துணை முதல்வராக இருந்த கேஸ்டர் பாதிரியார் கல்லூரிக்கு ஒரு ஆலயம் கட்டத் திட்டம் போட்டபோது கூரிய கோபுரமும் வளைவுச் சன்னலும் வரையவில்லை. கண்டி அரசர்களின் மண்டபத்தைப் பார்த்தார். சுவரில்லாமல், செதுக்கிய கல் தூண்களின் வரிசை மேல், கண்டி முறைக் கூரை. 1923-இல் அடிக்கல், 1935-இல் பிரதிஷ்டை. உள்ளே டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. அதே கல்லூரியில் படித்த ஓவியர். அவருடைய கிறிஸ்து தாடி இல்லாத இளைஞர். சிலுவை நிற்பது இந்தத் தீவின் சதுப்புக் காட்டில். சீடர்களின் முகங்கள் கண்டிக் கடைத்தெருவில் எதிரே வருகிற முகங்கள்.

அந்த ஆலயத்தில் வெகுநேரம் இருந்தேன். ஒரு காலத்தில் படைபலத்தோடு போய் அரசர் சபையில் உட்கார்ந்த ஜெபம், நூறு ஆண்டு கழித்து அந்தச் சபையிடம் கட்டடக் கலையைக் கற்றுக்கொண்டு தன் வீட்டைக் கட்டியிருக்கிறது. தச்சரின் கையை ஆசானாக ஏற்றிருக்கிறது. முதலாவது கைப்பற்றல், இரண்டாவது கல்வி. கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகையோடு திரும்பிவிடாமல் இந்த இரண்டு கட்டடங்களையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மண்டபத்தை முதலில் பார்க்க வேண்டும்.

மண்டபத்தில் ஜெபம் நடந்த காலத்தையும் நீதிமன்றம் இருந்த காலத்தையும் வழிகாட்டிகள் சொல்ல ஆரம்பித்தால் நல்லது. அந்தத் தரை கண்ட எல்லாவற்றையும் சொல்லட்டும். கொடுத்த வாக்கைச் சொல்கிறவர்கள், அது எப்படி இளகியது என்பதையும் சொல்லலாமே. கேட்கிறவர்கள் அதைத் தாங்கக்கூடியவர்கள்தான். அங்கே எனக்குத் தமிழில் பேசி உதவிய இளைஞன் ஒருவன், தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை, ஹீபர் பெயரைக் கேட்டதும் உடனே போனில் தேட ஆரம்பித்துவிட்டான். திருச்சிக் கல்லூரியின் படம் வந்ததும் அதை என்னிடம் காட்டி, அவர் இங்கேயுமா வந்தார் என்று இரண்டு முறை கேட்டான்.

நாளை எம்பக்கைக்குப் போகிறேன், கண்டிக்கு மேற்கே. கதிர்காமத் தெய்வத்தின் கோயில், நம் முருகன்தான். அங்கே மேளக்காரர் மண்டபத்தின் மரத்தூண்கள் அன்னம், மல்லர், நடனமாதர் என்று செதுக்கு வேலைக்குப் பேர்போனவை. கம்பளை அரசர்களின் சபை மண்டபத்தில் இருந்து கொண்டுவந்தவை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அப்படியானால் அரசர் சபை கோயிலான கதை இந்த மலைநாட்டில் ஆங்கிலேயருக்கு வெகுகாலம் முன்பே நடந்திருக்கிறது. அங்கே அதைச் செய்தவர்கள் ஊர்க்காரர்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உனக்கு ஒரு வேலை. அடுத்த முறை திருச்சிக்குப் போகும்போது யோவான் ஆலயத்தில் ஹீபர் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதையும் படம் எடுத்து அனுப்பு. கண்டியின் பெயர் அதில் எங்காவது வருகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். பாலாற்றங்கரையில் அரசனின் முத்துமண்டபம் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் எழுது. அம்மாவுக்கு என் வணக்கம். தேயிலை ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்